பசுமை இல்லாத பசுமை இல்லம்

“பசுமை ஆற்றலுக்கு மாறினால் பசுமை இல்ல வாயுக்கள் குறையும்.” இந்த அச்சில் வார்த்த ஒரு வாக்கியத்தைச் சுற்றுச்சூழல் செய்தி படிக்கும் எவரும் பார்த்திருப்பார். வரியின் தொடக்கத்தில் வரும் பசுமை வேண்டியது. நடுவில் வரும் பசுமை வேண்டாதது. பசுமை நல்லதுதானே, அதன் வாயுவை ஏன் குறைக்க வேண்டும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டால் ஆசிரியர் கொஞ்சம் விழிக்கத்தான் செய்வார். பிழை பிள்ளையிடம் இல்லை. பெயரில் இருக்கிறது. அந்தப் பெயர் எங்கே பிறந்து, யார் கையில் மாறி, எப்படி நம் பாடப்புத்தகத்துக்கு வந்து சேர்ந்தது என்று பார்ப்போம்.

முதலில் நம் வீட்டுக் கணக்கு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘பசுமை இல்ல விளைவு’ என்கின்றன. இதழ்களில் பசுமைக்குடில், பசுங்குடில், பைங்குடில் என்று மூன்று குடில்கள். இலங்கைப் பாடநூல்களில் இது ‘பச்சைவீட்டு விளைவு’. இல்லம், குடில், வீடு என்று வீட்டின் வகை மாறினாலும் பச்சை நிறம் மாறவில்லை. இவற்றில் இலக்கணம் படித்தவரை மகிழ்விக்கக்கூடியது பைங்குடில். பசுமையின் ‘மை’ கெட்டு, அடியில் உள்ள அகரம் ஐகாரமாகி, இடையில் இன எழுத்து மிகுந்து பைங்கிளி, பைந்தமிழ் வரும் வழியிலேயே வருகிறது. நன்னூலார் கேட்டால் தலையசைப்பார். ஆனால் புணர்ச்சி சரியாக இருப்பதால் பொருள் சரியாகிவிடாது.

நம் பச்சை ஆங்கிலத்திலிருந்து வந்தது. அங்கேயும் அது நிறத்தைக் குறித்து வைத்த பெயர் அன்று. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘கிரீன்ஸ்’ என்றால் குளிர்காலத்திலும் இலை உதிராத மென்மையான செடிகள்: ஆரஞ்சு, எலுமிச்சை, மிர்ட்டில் போன்றவை. தெற்கிலிருந்து கொண்டுவந்த இவை இங்கிலாந்தின் பனிக்குத் தாங்காது. ஆகவே செல்வர்கள் அவற்றைத் தொட்டியோடு தூக்கி, குளிர்காலம் முழுக்க ஒரு கட்டடத்துக்குள் வைத்தார்கள். அந்தக் கட்டடமே கிரீன்ஹவுஸ். தொடக்கத்தில் அதற்குச் செங்கல் சுவரும் மூடிய கூரையும்தான். தெற்குப் பக்கம் சில உயரமான சன்னல்கள், உள்ளே ஓர் அடுப்பு. கண்ணாடி அன்று விலை உயர்ந்த பொருள். பிறகு அதன்மேல் வரியும் விழுந்தது. 1845இல் அந்த வரி நீங்கிய பின்னரே கண்ணாடி தாராளமாகப் புழங்கியது. 1851இல் லண்டனில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய பளிங்கு மாளிகை அந்தக் காலத்தின் அடையாளம். அதைப் பார்த்துத்தான் 1889இல் பெங்களூரு லால்பாக்கில் கண்ணாடி மாளிகை வந்தது. ஊட்டித் தாவரவியல் பூங்காவில் இருப்பதையும் நாம் கண்ணாடி மாளிகை என்றுதான் சொல்கிறோம். கண்ணால் கண்டு வைத்த பெயர் அது. அதில் பச்சை வரவில்லை.

மற்ற மொழிக்காரர்கள் இதே கட்டடத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பது சுவையானது. பிரெஞ்சுக்காரருக்கு அது ‘செர்’, இறுக்கி மூடி வைக்கும் இடம். ஜெர்மானியருக்கு ‘ட்ரைப்ஹவுஸ்’, செடியை விரட்டி முளைக்க வைக்கும் வீடு. ஸ்பானியருக்கு ‘இன்வெர்னதேரோ’, குளிர்காலம் கழிக்கும் இடம். சுவீடன்காரருக்கு வளரும் வீடு. சீனருக்கும் ஜப்பானியருக்கும் வெதுவெதுப்பான அறை. பெயருக்குள் பச்சை பூசியவர் ஆங்கிலேயர். அதைச் சொல்லுக்குச் சொல் வாங்கி இந்திக்காரரும் மலையாளிகளும் ‘ஹரித கிருகம்’ என்றார்கள். நாம் பசுமை இல்லம் என்றோம். ஜப்பானியச் சிறுவனுக்கு ‘வெப்ப அறை விளைவு’ என்று சொன்னதுமே பாதி விளங்கிவிடும். நம் சிறுவனுக்கு அந்தப் பாதிக்கும் ஓர் உரை தேவைப்படுகிறது.

உரை தேவைப்படுவதோடு போனால் பரவாயில்லை. நம் பச்சை எதிர்த்திசையில் இழுக்கிறது. பச்சைக் காய்கறி, பச்சை மண், பச்சைப் பால். சமைக்காதது, சுடாதது, காய்ச்சாதது என்ற பொருள்தான் இவற்றில் ஓடுகிறது. பச்சைத் தண்ணீர் என்றால் அடுப்பேறாத குளிர்ந்த நீர். “பச்சைத் தண்ணியிலயே குளிச்சுட்டேன்” என்பவர் வெந்நீரில் குளிக்கவில்லை என்று சொல்கிறார். இந்த மொழியில் வளர்ந்த காதுக்குப் ‘பச்சை வீடு’ என்பது குளிர்ச்சியான வீடாகத்தான் கேட்கும். வெப்பம் கூடுவதற்கு வைத்த பெயரில் குளிர்ச்சி வந்து உட்கார்ந்திருக்கிறது.

இனி அறிவியல் பக்கம் போவோம். கதை ஜெனீவாவில் ஒரு பெட்டியில் தொடங்குகிறது. மலையேற்றக்காரரான சொசூர் 1767இல் ஒன்றுக்குள் ஒன்றாகக் கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கி வெயிலில் வைத்தார். பிறகு உட்புறம் கருமையாக்கி, சுற்றிலும் வெப்பம் கசியாமல் பொதிந்து செய்த பெட்டியில் வெப்பநிலை 100 டிகிரி செல்சியசைத் தாண்டியது. அதை மலையுச்சிக்கும் தூக்கிப் போனார். வெளியே காற்று குளிர்ந்திருந்தும் பெட்டிக்குள் ஏறக்குறைய அதே சூடு. சூரியன் மலைமேலும் சமவெளியிலும் ஒரே மாதிரிதான் காய்கிறது. மலை குளிர்வதற்குக் காரணம் அங்குள்ள காற்றில் இருக்கிறது என்பது அவருக்கு விளங்கியது.

இந்தப் பெட்டியை 1824இல் ஜோசப் ஃபூரியர் தம் கட்டுரைக்குள் கொண்டுவந்தார். நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்வந்த அதே கணித மேதை. பூமி இவ்வளவு சூடாக இருப்பது எப்படி என்பது அவர் கேள்வி. சூரிய ஒளி காற்றை எளிதாக ஊடுருவி வருகிறது. தரையிலிருந்து திரும்பும் ‘இருண்ட வெப்பம்’, இன்றைய சொல்லில் அகச்சிவப்புக் கதிர், அவ்வளவு எளிதாக வெளியேறுவதில்லை என்றார். கிரீன்ஹவுஸ் என்ற உவமையைத் தந்தவர் ஃபூரியர் என்று பல நூல்களில் இருக்கிறது. அவர் கட்டுரையில் அந்தச் சொல் கிடையாது. இன்னும் ஒரு படி மேலே: காற்று தன் அசைவை இழந்து உறைந்து நின்றால்தான் அது பெட்டியைப் போல வேலை செய்யும் என்று எச்சரிக்கையும் வைத்திருந்தார். காற்று அசையும் என்பது அவருக்குத் தெரியும். பின்னால் வந்தவர்கள் உவமையை அவர் தலையில் ஏற்றி, எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். மனிதர்கள் நிலத்தின் மேற்பரப்பையும் நீரோட்டத்தையும் மாற்றி, நூற்றாண்டுகள் போகப் போக ஒரு வட்டாரத்தின் வெப்பநிலையையே மாற்றக்கூடும் என்று அதே கட்டுரையில் ஓரிடத்தில் சொல்லிப் போகிறார். அதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எந்த வாயு அந்த வேலையைச் செய்கிறது? அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய குழாய் மற்றவற்றைவிட அதிகம் சூடேறியது, ஆறவும் நேரமெடுத்தது. காற்றில் இந்த வாயு கூடியிருந்த காலம் ஒன்று இருந்திருந்தால் அன்று பூமி சூடாக இருந்திருக்கும் என்று எழுதினார். 1856இல் ஆல்பனியில் நடந்த அறிவியல் கூட்டத்தில் அவர் கட்டுரையைப் படித்தவர் ஜோசப் ஹென்றி என்ற ஆண். அதோடு அது மறந்துபோய், 2011இல் ஒரு நிலவியலாளர் தோண்டியெடுத்த பிறகே ஃபூட்டின் பெயர் வெளியே வந்தது.

மூன்று ஆண்டு கழித்து லண்டனில் ஜான் டிண்டால் இதையே முறையான கருவி கொண்டு அளந்தார். காற்றில் 99 விழுக்காடாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அகச்சிவப்புக் கதிரைக் கண்டுகொள்வதே இல்லை. மிகக் குறைவாக இருக்கும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும்தான் அதை உறிஞ்சுகின்றன. இதை விளக்க டிண்டால் எடுத்த உவமை அணை. ஆற்றின் குறுக்கே அணை கட்டினால் அந்த இடத்தில் நீர் மட்டம் உயர்கிறதல்லவா, அதுபோலத் தரை வெப்பத்தின் குறுக்கே காற்று நிற்பதால் தரையில் வெப்பம் உயர்கிறது என்றார். இதுவரை வந்தவற்றிலும் இனி வரப்போகிறவற்றிலும் இதுதான் சரியான உவமை என்பது என் கட்சி. ஆனால் அணை நிற்கவில்லை. கண்ணாடி வீடு நின்றுவிட்டது.

நிற்க வைத்தவர்களில் முதல்வர் சுவீடன் வேதியியலாளர் ஸ்வான்டே அர்ரீனியஸ். 1896 ஏப்ரலில் வந்த அவர் கட்டுரையில்தான், காற்று வெப்பவீட்டுக் கண்ணாடி போல வேலை செய்கிறது என்று ஃபூரியர் சொன்னதாக எழுதினார். மாதக்கணக்கில் கையால் கணக்குப் போட்டு, காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் பூமி 5 முதல் 6 டிகிரி சூடேறும் என்று விடை கண்டவர் அவர். இன்றைய மதிப்பீடு ஏறத்தாழ 3 டிகிரி. கணினி இல்லாத காலத்துக்கு அது மோசமான விடை இல்லை. அவர் தேடியது பனியுகத்தின் காரணத்தை. நிலக்கரிப் புகையின் கணக்கு துணைக்கு வந்தது. அந்தப் புகையால் வாயு குறிப்பிடத்தக்க அளவு கூட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று நினைத்தார். குளிர்நாட்டுக்காரர் ஆகையால் கொஞ்சம் சூடு கூடுவதை வரவேற்கவும் செய்தார்.

அர்ரீனியஸ் கட்டுரைத் தலைப்பில் அந்த வாயுவின் பெயர் ‘கார்பானிக் ஆசிட்’. 19ஆம் நூற்றாண்டில் அதுதான் வழக்கு. வேதியியல் திருந்தி, அது அமிலம் இல்லை, நீரில் கரைந்தால்தான் அமிலமாகும் என்று பெயரை மாற்றிக்கொண்டது. தமிழ் மாற்றிக்கொள்ளவில்லை. நாம் இன்றும் எழுதும் ‘கரியமில வாயு’வில் கரி இருக்கிறது, அமிலம் இருக்கிறது, டிண்டாலும் அர்ரீனியஸும் சொன்ன பெயர் அப்படியே பத்திரமாக இருக்கிறது. இலங்கையில் புதுப்பெயரை ‘காபனீரொட்சைட்டு’ என்று பிரித்துச் சேர்த்து ஆக்கிக்கொண்டார்கள். நமக்குக் கரியமிலம் போதும். இத்தனை தலைமுறை பேசிய சொல்லை வேதியியலுக்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

‘கிரீன்ஹவுஸ்’ என்ற சொல்லையே கொண்டுவந்து உவமையாக்கியவர் அர்ரீனியஸின் நாட்டவரும் வானிலையாளருமான நில்ஸ் ஏக்ஹோல்ம், ஆண்டு 1901. இவருக்கு ஒரு பின்கதை உண்டு. ஆந்த்ரே என்பவரோடு பலூனில் வடதுருவம் போகச் சேர்ந்தவர், பலூனில் ஹைட்ரஜன் கசிகிறது என்று அளந்து கண்டு விலகிக்கொண்டார். 1897இல் புறப்பட்டுப் போன மூவரும் திரும்பவில்லை. அளந்த பிறகே நம்பும் இந்த மனிதர் கண்ணாடி உவமை சொன்ன அதே கட்டுரையில் சரியான இயற்பியலையும் சொல்லியிருந்தார்: பூமியின் வெப்பம் விண்வெளிக்குப் போவது தரையிலிருந்து நேராக இல்லை, உயரத்தில் இருக்கும் ஒரு காற்றடுக்கிலிருந்து, வெப்பத்தை உறிஞ்சும் வாயு கூடக்கூட அந்த அடுக்கும் மேலே போகும். உலகம் உவமையை எடுத்துக்கொண்டது. விளக்கத்தை விட்டது.

‘விளைவு’ என்ற வால் ஒட்டியது 1907இல், செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிய சண்டையில். அமெரிக்கச் செல்வர் பெர்சிவல் லோவெல், அரிசோனாவில் சொந்தமாக வானாய்வகம் கட்டி, செவ்வாயில் கால்வாய்கள் ஓடுகின்றன, அவற்றை வெட்டிய அறிவுயிர்கள் வாழ்கிறார்கள் என்று நம்பியவர். உயிர் வாழ வேண்டுமானால் சூடு வேண்டும். ஆகவே செவ்வாயின் வெப்பநிலை இங்கிலாந்தின் தென்பகுதியைப் போல இதமானது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பர்மிங்ஹாம் இயற்பியலாளர் ஜான் பாய்ன்டிங் அந்தக் கணக்கை அக்கக்காகப் பிரித்தார். அந்தக் கட்டுரையில், காற்றின் ‘போர்வை விளைவு’ என்பதைக் ‘கிரீன்ஹவுஸ் விளைவு’ என்று சொல்லவே தமக்கு விருப்பம் என்று போகிற போக்கில் எழுதினார். இன்று ஐக்கிய நாடுகளின் ஒப்பந்தங்களில் ஏறிவிட்ட பெயரின் பிறப்பு இவ்வளவுதான்: ஓர் ஆசிரியரின் விருப்பம். போர்வை நிலைத்திருந்தால் நமக்குக் கம்பளி விளைவு என்றோ வேறெப்படியோ வந்திருக்கும், பச்சை வந்திராது. செவ்வாயைப் பொறுத்தவரை பாய்ன்டிங்தான் சரி. அதன் காற்றில் 95 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. ஆனால் காற்றே மிக மெல்லியது. அங்கே சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு ஏறக்குறைய 60 டிகிரி கீழே.

பெயர் பிறந்த இரண்டாம் ஆண்டே அடி விழுந்தது. ராபர்ட் வுட் என்ற அமெரிக்கர், பிரான்சில் ‘என்-கதிர்’ என்று ஊரே கொண்டாடிய ஒன்றை நேரில் போய் வெறும் மாயை என்று காட்டிவிட்டு வந்தவர். 1909இல் அவர் இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து உள்ளே கருமை பூசினார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றதற்குப் பாறை உப்பில் செதுக்கிய மூடி. பாறை உப்பு அகச்சிவப்புக் கதிரைத் தடுக்காமல் வெளியே விடும். கண்ணாடி வீடு சூடாவது கதிரைத் தடுப்பதால் என்றால் கண்ணாடிப் பெட்டி அதிகம் சூடேற வேண்டும். கவனமாகச் செய்தபோது இரண்டும் ஏறக்குறைய 55 டிகிரியில் நின்றன. வித்தியாசம் ஒரு டிகிரிகூடத் தேறவில்லை. ஆகவே கண்ணாடி வீடு சூடாவது முக்கியமாக உள்ளே சூடேறிய காற்று வெளியேற முடியாததால். ஓசூர்ப் பக்கம் பாலித்தீன் குடிலில் ரோஜா வளர்ப்பவருக்கு இது சோதனையின்றியே தெரியும். சூடு தாங்கவில்லை என்றால் அவர் பக்கவாட்டுத் திரையைச் சுருட்டி விடுகிறார். காற்று ஓடியதும் குடில் ஆறிவிடுகிறது. வானத்துக்கு அப்படிச் சுருட்டிவிடத் திரை கிடையாது.

இந்த இடத்தில் சிலர் குதிப்பார்கள்: பார்த்தீர்களா, கிரீன்ஹவுஸ் விளைவே பொய் என்று வுட் நிரூபித்துவிட்டார்! வுட் நிரூபித்தது கண்ணாடி வீட்டைப் பற்றி. வானத்தில் நடப்பதைப் பற்றி அந்தப் பெட்டிகள் ஒன்றும் சொல்ல முடியாது. உவமை தவறு என்பதால் நடப்பது பொய்யாகிவிடாது. ஆனால் தவறான உவமை இப்படிப் பொய்யர் கையில் ஆயுதமாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உண்மையில் நடப்பதை டிண்டாலின் அணையை நம் ஊர் ஏரியாக்கிச் சொல்லிப் பார்க்கிறேன். ஏரிக்குள் வாய்க்காலில் நீர் ஒரே அளவில் வந்துகொண்டிருக்கிறது. நிரம்பியதும் அதே அளவு நீர் கலங்கல் வழியே வெளியேறுகிறது. வரவும் செலவும் சமம், மட்டம் அசையாமல் நிற்கும். இப்போது கலங்கல் மேல் ஒரு வரிசை மணல்மூட்டை அடுக்குங்கள். சில நாள் வெளியேற்றம் குறையும். அந்த நாட்களில் மட்டம் ஏறும். மூட்டை உயரத்தைத் தொட்டதும் பழையபடி வந்த நீரெல்லாம் வெளியே போகும். வரவு மாறவில்லை, செலவும் மாறவில்லை. ஏரி மட்டும் உயர்ந்துவிட்டது. கரையோர வீட்டுக்காரருக்கு அந்த உயரம்தான் விஷயம்.

பூமியில் வாய்க்கால் சூரியன். கலங்கல், ஏக்ஹோல்ம் சொன்ன காற்றடுக்கு. சராசரியாகத் தரையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில் அது இருக்கிறது. அங்கே வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. சூரியனிடமிருந்து வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க அந்த அளவு போதும். மேலே போகப்போக ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குளிரும். மேட்டுப்பாளையத்தில் வியர்த்தவர் ஊட்டியில் ஸ்வெட்டர் தேடுவது அதனால்தான். அப்படியே கீழே இறங்கி வந்தால் தரைக்கு 33 டிகிரி கூடி 15 டிகிரி வருகிறது. உலகத்தின் சராசரி வெப்பநிலை அதுதான். இந்த 33 டிகிரி இல்லாவிட்டால் கடல் உறைந்துவிடும், நாம் இல்லை. ஆகவே இந்த விளைவு தன்னளவில் கெட்டதில்லை. காற்றில் வெப்பம் உறிஞ்சும் வாயு கூடினால் வெளியேற்றும் அடுக்கு இன்னும் மேலே, இன்னும் குளிர்ந்த இடத்துக்குப் போகிறது. குளிர்ந்த இடம் குறைவாகவே வெளியேற்றும். கணக்குச் சமமாகும்வரை கீழே சூடு ஏறுகிறது. கண்ணாடி மூடி என்று நினைத்தால், “ஒரு கண்ணாடி எல்லாவற்றையும் தடுத்துவிட்டது, இரண்டாவது போட்டு என்ன ஆகப்போகிறது” என்று தோன்றும். அர்ரீனியஸை எதிர்த்து 1900இல் எழுந்த வாதமும் ஏறக்குறைய இதுதான். பல பத்தாண்டுகள் அது இந்தத் துறையைத் தேக்கிப் போட்டது. கலங்கலை நினைத்திருந்தால் அந்தக் குழப்பம் வந்திருக்காது. மூட்டையை எத்தனை வரிசை வேண்டுமானாலும் ஏற்றலாம்.

மூட்டை அடுக்குவது நாம்தான் என்று முதலில் எண்ணிக் காட்டியவர் கை காலண்டர். சுவரில் மாட்டும் நாட்காட்டிக்கும் இவருக்கும் தொடர்பில்லை. இங்கிலாந்தின் நீராவிப் பொறியாளர். 1938இல், உலகெங்கும் இருந்த வானிலை நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, பூமி சூடேறிவருகிறது, காரணம் எரிபொருள் புகை என்றார். வானிலைத் தொழில்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நம்பாமல் விட்டார்கள். சில காலம் இதற்குக் ‘காலண்டர் விளைவு’ என்றும் பெயர் வழங்கியது. அந்தப் பெயராவது நின்றிருக்கலாம். 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தினந்தோறும் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு அளவில் இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. கூடியது எரிபொருளிலிருந்துதான் என்று தெரிந்தது எப்படி? நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்தவை. கதிரியக்கக் கார்பன்-14 அவற்றில் அழிந்துபோயிருக்கும். அந்தக் கார்பன் காற்றில் கலக்கக் கலக்க, காற்றிலும் கார்பன்-14இன் பங்கு குறைந்தது. புகை தன் ஊரைத் தானே சொல்லிவிட்டது.

இந்தப் பெயர் கார்பன் டை ஆக்சைடை விட்டு மற்ற வாயுக்களுக்கும் பரவியதில் ஒரு தமிழருக்குப் பெரும்பங்கு உண்டு. சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன், முதலில் செக்கந்தராபாத்தில் குளிர்பதனத் தொழிலில் வேலை பார்த்தார். குளிரூட்டும் வாயு ஏன் இவ்வளவு சீக்கிரம் கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர் பணி. பின்னர் அமெரிக்கா போய் 1975இல் அதே வாயுக்களை, குளோரோஃபுளூரோகார்பன்களை, வேறு கண்ணால் பார்த்தார். அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடின் ஒரு மூலக்கூறைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் தேக்கும் என்று கணக்கிட்டார். அதுவரை கரியமில வாயுவையும் நீராவியையும் சுற்றியே வந்த பேச்சில் புதுப்புது வாயுக்கள் நுழைந்தன. ஏ.சி. மெக்கானிக் “கேஸ் லீக் சார், நிரப்பணும்” என்று சொல்லும்போது போனது எங்கே என்று நாம் கேட்பதில்லை. பழைய ஏ.சி.க்களில் இருக்கும் ஆர்-22 ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் அது சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

1988 ஜூன் 23 அன்று ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட் குழுமுன் சாட்சியம் சொன்னதோடு இந்தப் பெயர் ஆய்விதழ்களை விட்டு நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. 1997இல் கியோட்டோ உடன்படிக்கை ஆறு வகை வாயுக்களைப் பட்டியலிட்டு ‘கிரீன்ஹவுஸ் வாயுக்கள்’ என்று முத்திரையிட்டது. பாய்ன்டிங் தன் விருப்பத்துக்கு எழுதிய சொல் இப்போது சட்டச் சொல்.

இதற்கிடையே பசுமைக்கு வேறொரு வாழ்க்கை தொடங்கியிருந்தது. 1968இல் அமெரிக்க அதிகாரி வில்லியம் காட், சிவப்புப் புரட்சிக்கு மாற்றாக விளைச்சல் பெருக்கத்துக்குப் ‘பசுமைப் புரட்சி’ என்று பெயர் வைத்தார். அதன்பின் ஐரோப்பாவில் சூழலியல் கட்சிகள் தம்மைப் பசுமைக் கட்சி என்றன. நம்மிடமும் சொல் பெருகிற்று: பசுமைத் தீர்ப்பாயம், பசுமைப் பட்டாசு, பசுமை ஹைட்ரஜன், பசுமைத் தமிழ்நாடு இயக்கம். விளைநிலத்தையும் மலையையும் அறுத்துக்கொண்டு போகும் எனப் பலர் எதிர்த்த சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்கும் ‘பசுமை வழிச்சாலை’ என்றே பெயர். பசுமை பாராட்டுச் சொல்லாகி, பிறகு விளம்பரச் சொல்லாகிவிட்ட இந்தக் காலத்தில், பூமியைச் சூடாக்கும் வாயுவின் பெயரிலும் அது இருப்பதை வேடிக்கை என்று தள்ள முடியவில்லை. கண்ணுக்குப் பசேல் என்று நீர் நிற்கும் நெல்வயலும் மீத்தேனை வெளியிடத்தான் செய்கிறது. அதைப் ‘பசுமை இல்ல வாயு’ என்று டெல்டா விவசாயியிடம் சொல்லிப் பாருங்கள். தாம் செய்த நன்மைக்குப் பட்டம் தருகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். ‘விளைவு’ம் சும்மா இருப்பதில்லை, அதற்கு விளைச்சல் என்ற பொருளும் உண்டு. ஓசூர்க்காரருக்குப் ‘பசுமைக்குடில் விளைவு’ என்றால் ரோஜாக் கட்டு. தோட்டக்கலைத் துறையின் மானிய அறிவிப்புகளில் பசுமைக்குடிலுக்குப் பக்கத்திலேயே நிழல்வலைக்குடிலும் இருக்கிறது. நம் வெயிலில் செடிக்குக் குடில் கட்டுவது பெரும்பாலும் சூட்டைத் தணிக்க. ஐரோப்பியக் குளிரில் பிறந்த உவமை இங்கே வந்து தலைகீழாக நிற்கிறது.

என் தீர்ப்பு இது. பசுமைக்குடில் என்ற நல்ல சொல்லை அதைக் கட்டிப் பிழைக்கும் உழவருக்கே விட்டுவிடுவோம். வாயுவுக்கு அது செய்யும் வேலையை வைத்தே பெயர் வைக்கலாம்: வெப்பம் தேக்கும் வாயு. சுருக்கமாக வேண்டுவோர் ‘வெப்பத்தேக்க வாயு’ என்னலாம். ஏரியும் அணையும் கலங்கலும் கொண்ட நாட்டில் ‘தேக்கு’ என்ற வினையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டிண்டாலின் கைவிடப்பட்ட உவமையும் அதற்குள் இருக்கிறது. பழைய பெயரை ஒரேயடியாக நீக்க முடியாது. தேர்வுத் தாளில் பசுமை இல்ல விளைவு என்றுதான் கேட்பார்கள், பிள்ளைகள் அப்படித்தான் எழுத வேண்டும். பாடநூல் எழுதும் ஆசிரியர்களையும் செய்தி எழுதும் நண்பர்களையும் நான் கேட்பது சிறிய உதவி. அடுத்த முறை ‘பசுமை இல்ல வாயுக்கள்’ என்று எழுதும்போது பக்கத்தில் ‘அதாவது, வெப்பம் தேக்கும் வாயுக்கள்’ என்று நான்கு சொல் சேர்த்து எழுதுங்கள். பத்து ஆண்டு அப்படி எழுதினால் பழையது தானாக உதிர்ந்துவிடும்.